சரக்கு ஏற்றும் இருசக்கர வண்டி: பெயிண்ட் உரியாமல் காப்பது எப்படி?

மொத்தக் கடையிலிருந்து நம் கடைக்கும், கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கும் சரக்கு கொண்டு செல்ல நம்மில் பெரும்பாலோர் நம்பியிருப்பது இருசக்கர வண்டியைத்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள் முதல் மளிகைக் கடைக்கும் மொபெட்டுக்கும் உள்ள உறவு விட்டதில்லை. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுகிறோம். மறுநாளே அதன் மேல் அரிசி மூட்டையைத் தூக்கிப் போடுகிறோம். ஆறு மாதத்தில் பக்க மூடியும், கேரியரும், பொருள் வைக்கும் இரும்புப் பெட்டியும் உரிந்து நிற்கின்றன.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. வண்டியை மாற்றும்போது பழைய வண்டி வாங்குபவர் முதலில் பார்ப்பது பெயிண்ட்டைத்தான். எஞ்சினைப் பிறகுதான் உதைத்துப் பார்ப்பார். அதைவிட முக்கியம், கேரியரைப் பற்றவைத்த இடங்களில் துரு ஏறினால் பாரம் தாங்காமல் ஒருநாள் ஒடிந்துவிடும்.

வண்டியின் மேல் உள்ள பூச்சுகள் எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும். இரும்பின் மேல் பிரைமர், அதன் மேல் வண்ணம், பல வண்டிகளில் அதற்கும் மேல் பளபளப்பான கண்ணாடிப் பூச்சு. இதைத் தேய்ப்பது மூட்டையின் கனம் அல்ல. மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் மண்தான் தேய்க்கிறது. மணல் துகள் பெயிண்ட்டைவிடப் பலமடங்கு கடினமானது. வண்டி குலுங்கக் குலுங்க மூட்டை அசைகிறது; சாக்கு உப்புத்தாள் போல வேலை செய்கிறது. ஆகவே ஏற்றுவதற்கு முன் துணியால் தூசியைத் தட்டிவிடுவதும், மூட்டை அசையாதபடி இரண்டு இடத்தில் இழுத்துக் கட்டுவதும் பாதி வேலையை முடித்துவிடும். தூசியோடு இருக்கும் வண்டியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும் பையன்களைக் கடைக்குக் கடை பார்க்கிறோம். முதல் கீறல் அங்கேதான் விழுகிறது. தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். சலவை சோடா கலந்த சோப்பும், மண்ணெண்ணெய்த் துணியும் வேண்டாம். மண்ணெண்ணெய் அந்த நேரத்துக்கு மினுக்கும். பிறகு தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

கேரியர் கம்பிகளுக்குப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது நம் ஊர்களில் பழகிய முறை. நல்ல முறைதான். ஆனால் அதற்குள் மழைத்தண்ணீர் புகுந்து தங்கும். வெளியே தெரியாமல் கம்பி துருப்பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துக் காயவைத்துச் சுற்றவும். வெள்ளை, வெளிர் நிற பாகங்களில் டியூப் நேரடியாகப் பட வேண்டாம். ரப்பரிலிருந்து கசியும் பொருள் பழுப்புக் கறையாக ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. அங்கெல்லாம் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் கனமான நிறமற்ற பிலிம் ஒட்டுவதே சரி. வண்டி புதிதாக இருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஸ்பாஞ்சு, கம்பளித் துண்டு ஆகியவை தண்ணீரையும் மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் நாம் அவற்றைச் சிபாரிசு செய்வதில்லை.

மளிகை வியாபாரிக்கு என்றே ஒரு தனி எதிரி உண்டு. அது கல்லுப்பு மூட்டை. சுத்திகரிக்காத உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் மூட்டை கசிகிறது என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த உப்புநீர் ஒரு சிறு கீறலில் இறங்கினால், வெறும் தண்ணீரைவிட வெகு சீக்கிரம் துரு பரவி, சுற்றியுள்ள பெயிண்ட்டையும் கொப்புளமாகத் தூக்கிவிடும். உப்பு ஏற்றினால் அடியில் தார்ப்பாய் விரிக்கவும். இறக்கியதும் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவும். புளி, வெல்லம் கசிந்தாலும் இதேதான்.

கீறல் விழுந்துவிட்டால் நகத்தால் வருடிப் பார்க்கவும். நகம் தடுக்கவில்லை என்றால் மேல்பூச்சில்தான் காயம், பாலீஷ் போதும். அடிக்கடி காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் பூச்சே மெலிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். நகம் தடுத்து இரும்பு தெரிந்தால் தள்ளிப்போடாமல் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் துருவை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் தொட்டு, அது காய்ந்த பின் அதே வண்ணம் பூசவும். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது காசுக்குக் கேடு. பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காது. ஆனால் சாதாரண பெயிண்ட் பல பிளாஸ்டிக்குகளில் ஒட்டாமல் தோலாக உரியும் என்பதால் அதை அப்படியே விடுவது மேல்.

வண்டி முழுவதுக்கும் வேறு வண்ணம் அடிக்க நினைப்பவர்கள், பதிவுப் புத்தகத்தில் வண்ணமும் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனத்தில் கொண்டு, பதிவு அலுவலகத்தில் முதலில் தெரிவித்துக்கொள்ள வேண்டும்.