டிவியில் வருவதற்கு தியேட்டரில் டிக்கெட் எதற்கு?

2013 நவம்பர் 23, சனிக்கிழமை. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு அன்று 50 வயது நிறைந்தது. அதற்கென எடுத்த சிறப்புப் படம் ‘தி டே ஆஃப் தி டாக்டர்’ பிபிசி ஒன்னில் இரவு 7.50-க்கு ஒளிபரப்பாக இருந்தது. பிரிட்டனில் டிவி பார்க்க ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் காசுக்கே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஆனாலும் அதே நேரத்தில் அங்கே 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் படம் ஓடியது. முன்பதிவு ஒரு மாதம் முன்பே தொடங்கி, பல இடங்களில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்தும் போனது.

தொடரைத் தெரியாதவர்களுக்கு: காலத்திலும் விண்வெளியிலும் ஒரு நீல நிற போலீஸ் பெட்டியில் சுற்றுகிறவர்தான் டாக்டர். சாகும் தறுவாயில் உடல் மாறி வேறு ஆளாகிவிடுவார். ஆகவே நடிகர் மாறினாலும் கதை நிற்காது. 1963-ல் முதல் அத்தியாயத்தை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள் அது ஒளிபரப்பானது, யார் கவனிப்பார்கள்? அடுத்த வாரம் அதையே மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனார்கள்.

ரசிகர்களின் தவிப்பு மே மாதமே ஆரம்பித்துவிட்டது. அந்த சீசனின் கடைசிக் காட்சியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கிழவர் திரும்பி நிற்பார். ‘டாக்டராக ஜான் ஹர்ட்’ என்று எழுத்து வரும். அவ்வளவுதான், தொடரும். டாக்டர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தவர்களின் கணக்கே குழம்பியது. விடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இப்படி மூடி வைத்த ரகசியத்தை லண்டனில் முதலில் காட்டினால் அடுத்த நிமிடமே உலகம் முழுக்கக் கசிந்துவிடும், திருட்டுப் பிரதியும் கிளம்பிவிடும். ஆகவே 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பினார்கள். அது கின்னஸ் சாதனையானது. லண்டனில் இரவு என்றால் நியூயார்க்கில் பிற்பகல் 2.50. சிட்னியில் ஞாயிறு காலை 6.50, பல் துலக்கும் நேரம்.

தியேட்டருக்கு வந்தவர்களுக்குத் தனியாகவும் கொஞ்சம் கிடைத்தது.  படத்தின் தொடக்கத்தில், தொடரில் வரும் உருளைக்கிழங்குத் தலை வீரன் ஸ்ட்ராக்ஸ் தோன்றி, செல்போனை நோண்டுகிறவர்களையும் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறவர்களையும் மிரட்டுவான். டிவியில் அது இல்லை.

ரகசியம் கசியக் கூடாது என்ற காரணம் சனிக்கிழமைக்குப் பொருந்தும். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான தியேட்டர்களில் படம் ஓடியது திங்கட்கிழமை! டிவியில் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜான் ஹர்ட் யார் என்பதும் ஊரறிந்த கதை. அப்படியும் அந்த ஒரே நாளில் சுமார் 48 லட்சம் டாலர் வசூல். என்னைக் கேட்டால், நம்மூர் முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தின் மனசுதான் இது. கதை தெரிவதற்காக மட்டும் யாரும் வருவதில்லை. கழுத்தில் நீளமான கோடுபோட்ட மஃப்ளரோடு வந்தவர்களுக்கு, அதே மஃப்ளரை எழுபதுகளில் அணிந்து நடித்த டாம் பேக்கர், 79 வயதில் திரையில் வந்து நிற்கும்போது பக்கத்து சீட்டில் கத்துவதற்கு ஆள் வேண்டும்.