1433-ஐ இன்றே மூடுங்கள்

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை, உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகளில் நான் ஓயாமல் பார்க்கும் காட்சி இது. கணக்குப் பிரிவின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும். சரக்கு இருப்பு, சம்பளம், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் அதற்குள். சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ரூட்டரில் 1433-வது போர்ட்டைத் திறந்துவிட்டிருப்பார். யூசர் பெயர் 'எஸ்ஏ'. பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு 123. ஐபி முகவரி உட்பட நாலும் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கும். வேலையை விட்டுப் போனவரும் அந்த குரூப்பில் இருப்பார்.

எஸ்க்யூஎல் சர்வருக்குள் நுழைய உதவும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ மென்பொருள் கேட்பதும் அந்த நாலு விவரத்தைத்தான். தட்டச்சு செய்வது முதலாளியா திருடனா என்று அதற்குத் தெரியாது. 'எஸ்ஏ' என்றால் சர்வரின் முழு அதிகாரி. தரவை அழிக்கலாம், பூட்டிவைத்துப் பணம் கேட்கலாம். "நம்ம சின்ன கம்பெனிக்கு எவன் சார் வரப்போறான்?" என்கிறார்கள். வருவது ஆள் இல்லை. திறந்த போர்ட்டை இராப்பகலாகத் தேடும் நிரல். அது கம்பெனியின் அளவைப் பார்ப்பதில்லை. 2017 மே மாதம் தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நிரல் பரவியபோது ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையிலேயே உற்பத்தி தடைபட்டது. அது பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். ரூட்டரில் 1433-க்கான போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்குங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் 3306. வெளியிலிருந்து வர வேண்டியவர் விபிஎன் வழியாக வரட்டும். 'எஸ்ஏ'வை முடக்கிவிட்டு ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். அறிக்கை எடுப்பவருக்குப் படிக்கும் உரிமை போதும். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் இணைப்புப் பெட்டியில் என்க்ரிப்ஷனைக் கட்டாயமாக்குங்கள். பேக்கப்பை அதே கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். வேறு வட்டில் எடுத்து, மாதம் ஒருமுறை மீட்டுப் பாருங்கள்.

தாக்குதல் ஏற்கெனவே நடந்துவிட்டதா? நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபார்மேட் செய்யாதீர்கள். பதற்றத்தில் ஃபார்மேட் செய்து, சாட்சியத்தைத் தம் கையாலேயே அழித்தவர்கள் எத்தனை பேர்! மிரட்டல் செய்தியைப் படமெடுத்து வையுங்கள். கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது, 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி நிறுவனங்களின் கடமை. அதன் கட்டணமில்லா எண் 1800-11-4949. லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

போலீஸ் புகார் தனி. "இது எங்க லிமிட் இல்லை" என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையவிடுவது சட்டவிரோதம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. அதைச் சொல்லிக் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்டவரோதான் விசாரிக்க முடியும். அதனால் புகாரை இன்ஸ்பெக்டர் பெயருக்கே எழுதி, மறக்காமல் ரசீது வாங்குங்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறினால் மதகையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. அந்தக் கவனத்தோடு இன்று மாலை ரூட்டரைத் திறந்து பாருங்கள். 1433 அங்கே இருந்தால், சாஃப்ட்வேர்காரர் வரும்வரை காத்திருக்காமல் மூடிவிடுங்கள்.