சிறிய நினைவகத்தில் பெரிய படம்

பெரிய காஞ்சிபுரத்திலுள்ள வைகுந்தப் பெருமாள் கோயில், கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவனால் எழுப்பப்பட்டது. அதன் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சி. மீனாட்சி இச்சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. மணற்கல் எளிதில் தேயக்கூடியது. ஆகவே, சிற்பங்களின் இன்றைய நிலையைத் துல்லியமாகப் படமெடுத்து வைப்பது பிற்கால ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.

ஆனால் நீண்ட சுவரை ஒரே படத்தில் அடக்க முடியாது. பின்னால் நகர்ந்தால் தூண்கள் மறைக்கும். எனவே பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்றன் ஓரம் மற்றதன்மேல் படியுமாறு பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் இணைக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் அகன்ற படமே 'பனோரமா'.

ஒட்டுத் தெரியாத ஒட்டு

ஒரு படம் வெயிலிலும் அடுத்தது மேகம் மூடியபோதும் எடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் வெட்டி ஒட்டினால் நடுவே கோடு விழும். சிற்பத்தில் விரிசல் என்றே அதனைப் பிறர் கருதக்கூடும். அகலமான பட்டையில் மெல்லக் கலந்தாலோ, நுண்ணிய கோடுகள் இரட்டையாகத் தோன்றும்.

இதற்கு 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் என்னும் அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். படத்தைப் பல அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் அடுக்கில் பரந்த ஒளி வேறுபாடு மட்டும் இருக்கும். மற்றோர் அடுக்கில் நுண்கோடுகள் மட்டும் இருக்கும். முன்னதை அகன்ற பட்டையிலும் பின்னதைக் குறுகிய பட்டையிலும் கலந்து, பிறகு எல்லா அடுக்குகளையும் கூட்டினால் ஒட்டு மறைந்துவிடும்.

எங்கே இடர்ப்பாடு?

20,000 புள்ளி அகலமும் 5,000 புள்ளி உயரமும் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 10 கோடிப் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 நிறங்கள். நிறத்துக்கு 4 பைட்டு வீதம் கணக்கிட்டால் 120 கோடி பைட்டு. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதில் கால் பங்கு. ஆகவே எல்லா அடுக்குகளும் சேர்ந்து 160 கோடி. இத்தகைய இரு படங்களுக்கு 320 கோடி பைட்டு வேண்டும்.

32 பிட் கணிப்பொறியோ சுமார் 429 கோடி பைட்டுகளுக்கு மேல் முகவரியிட இயலாதது. விண்டோசில் வழக்கமாக அதில் பாதியே ஒரு நிரலுக்குக் கிட்டியது. 2004இல் ஆண்ட்ரூ மிஹால் 'என்பிளெண்ட்' என்னும் நிரலை வெளியிட்டபோது, 50 கோடி பைட்டளவு நினைவகமே உள்ள வீட்டுக் கணிப்பொறிகள் ஏராளம்.

படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தனித்தனியே கலந்தால் என்ன? பரந்த ஒளி அடுக்கு துண்டின் எல்லையையும் தாண்டிப் பரவுவதால், துண்டுகளுக்கிடையே புதிய கோடுகள் தோன்றும். ஒரு குறை நீங்கி மற்றொன்று வந்து சேரும்.

தறி காட்டும் வழி

காஞ்சிபுரத்து நெசவாளர் சேலையின் முழு நீளத்தையும் கண்முன் விரித்து வைப்பதில்லை. நெய்த பகுதி உருளையில் சுற்றப்படுகிறது. நெய்ய வேண்டிய பாவு சிறிது சிறிதாக முன்னே விடப்படுகிறது. கை வேலை செய்யும் இடம் ஒரு முழம்தான், சேலையோ முழுமையானது.

நிரலும் இவ்வாறே இயங்கலாம். பர்ட் முறையில் அடுத்த அடுக்கின் ஒரு புள்ளியைக் கணிக்க, முந்தைய அடுக்கின் 5 வரிசைகளே தேவை. நம் படத்தில் 5 வரிசைகளுக்கு ஆகும் இடம் 12 இலட்சம் பைட்டு மட்டுமே! மிச்சத்தை வட்டில் வைத்துக்கொள்ளலாம்.

என்பிளெண்ட் பல வழிகளில் சிக்கனம் செய்தது. படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. கலப்பு நிகழும் பகுதியை மட்டும் கணக்கில் கொண்டது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து வட்டில் வைத்து, வேண்டிய கட்டத்தை மட்டும் நினைவகத்துக்குக் கொணரும் வசதியும் அதில் இருந்தது. இதற்குக் கொடுத்த விலை நேரம். நினைவகத்தைவிட வட்டு பன்மடங்கு மெதுவானது. ஆகவே அருகருகே உள்ள கட்டங்களைத் தொடர்ச்சியாகக் கையாள்வது முக்கியம். முன்னும் பின்னும் தாவினால், கட்டங்களை மாற்றுவதிலேயே பொழுது கழிந்துவிடும்.

திறந்த நிரல்

இந்நிரலின் மூலவரிகள் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டவை. திருத்திப் பிறருக்கு வழங்குவோர் மூலவரிகளையும் உடன் வழங்க வேண்டும் என்பதே நிபந்தனை. இன்று 64 பிட் கணிப்பொறிகள் வந்துவிட்டன. ஆனால் படங்களும் பெருத்துவிட்டன. பள்ளி ஆய்வகத்துப் பழைய கணிப்பொறிக்கு இக்கணக்கு இன்றும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை: கலத்தல் ஒளியை மாற்றுகிறது. சிற்பப் பதிவுக்கு ஒட்டிய படம் மட்டும் போதாது. எடுத்த மூலப் படங்களையும் தேதியிட்டுப் பாதுகாக்க வேண்டும். நாளை ஒரு கோடு தென்பட்டால், அது கல்லில் விழுந்ததா, கணிப்பொறியில் விழுந்ததா என்பதற்கு அவையே சான்று.