திரையும் விழியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் விழாவையொட்டி நிகழும் தெருக்கூத்தில், தலைமை வேடத்தார் நேரே அவைக்கு வருவதில்லை. இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து முதற்கண் பாட்டும் சலங்கையொலியும் எழும். கட்டியங்காரன் வந்தவர் யாரென வினவுவான். காண்போர் துரியோதனனைச் செவியால் அமைத்துக்கொண்ட பின்னரே திரை விலகும். கண்ணாடி பதித்த கிரீடமும் புயக்கட்டையும் விளக்கொளியில் மின்னும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டைக் கண், செவி இரண்டாலும் உணர்தற்குரியதாக வைத்தமை ஈண்டு நினைக்கத் தகும்.

இவ்வளவுகோலைக் கொண்டே, 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'கோச்சடையான்' என்னும் அசைவூட்டப் படத்தை நோக்குவோம். சௌந்தர்யா இயக்கிய இதில், நடிகரின் உடலசைவைக் கருவிகளாற் பதிந்து, கணிப்பொறி வரைந்த உருவத்தின்மேல் ஏற்றினர். கூத்தில் உடல் மெய், உருவம் புனைவு. படத்திலோ அசைவு ஒன்றே மெய். ஏ. ஆர். ரகுமானின் இசையால் செவிக்குக் குறைவில்லை. கடற்போரும் அரண்மனையும் வியப்பைப் பயக்கின்றன. ஆயின் முகத்தை அணுகிக் காட்டும் இடங்களில் விழி உயிர்ப்பின்றி நிற்கின்றது என்றே யாம் கருதுகின்றோம். கூத்தர் முகத்திலும் அரிதாரம் தடித்ததே. அதனூடே விழி உருள்கின்றது.