நாலு சக்கரமும் இழுக்கும் சின்னக் கார்

ஒரு காலத்தில் தோட்டத்துச் சடக்கில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் அது துரையின் லேண்ட் ரோவராகத்தான் இருக்கும். செம்மண் தெறிக்க அது வரும்போதே மண்டோர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். கிராணியார் சைக்கிளை ஓரங்கட்டுவார். லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து வேடிக்கை பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு லோரி உண்டு, டிராக்டர் உண்டு, இல்லையேல் கால்நடை. அடைமழையில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த ஒரு வண்டிக்காகத் துரை வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த வசதி சாமானியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 1998-ஆம் ஆண்டில் எனலாம். பெரோடுவா நிறுவனம் அவ்வாண்டு "கெம்பாரா" என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. கெம்பாரா என்றால் மலாய் மொழியில் ஊர் சுற்றித் திரிவது என்று பொருள். 1993-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1994-இல் "கன்சில்" என்ற சருகுமானை விட்டு நம் மக்களில் ஆயிரமாயிரம் பேரை மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு ஏற்றியது நினைவிருக்கும். கன்சில் தார்ச்சடக்குக்கு உகந்தது. கெம்பாராவோ மண் சடக்குக்கும் அஞ்சாதது. ஜப்பானிய டைஹாட்சு டெரியோஸ் என்ற வண்டியை அடிப்படையாகக் கொண்டு, ரவாங்கை அடுத்த சுங்கை சோ தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள்.

வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1997-இல் ஆசியாவைப் பிடித்து உலுக்கிய பண நெருக்கடியில் வெள்ளியின் மதிப்பு சரிந்து கிடந்தது. வெளிநாட்டு வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த வேளையில் 1.3 லிட்டர் என்ஜினோடு, நாலு மீட்டருக்கும் குறைந்த நீளத்தில், ஐந்து கதவு வைத்து, பின் கதவில் உபரிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஓர் உள்நாட்டு வண்டி வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? தோட்டத்தில் கிராணியாராக இருந்தவரின் மகன், கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, துரை வைத்திருந்ததுபோல் ஒரு நாலு சக்கர வண்டியைத் தவணையில் வாங்கித் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஓட்டிப் போகலாம் என்ற நிலை வந்தது. மோட்டார் ஏடுகள் இதையெல்லாம் எழுதுவதில்லை. ஆனால் நம்மவர்கள் அந்த வண்டியை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேற்றில் மாட்டு வண்டி

சரி, நாலு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன?

சேற்றில் புதைந்த மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடுகள் முன்னால் இழுக்கும். அதுமட்டும் போதாதென்று பின்னால் நாலு பேர் தோள் கொடுப்பார்கள். சாதாரணச் சின்னக் காரில் என்ஜினின் சக்தி முன் சக்கரம் இரண்டுக்கு மட்டுமே போகிறது. பின் சக்கரங்கள் சும்மா கூட உருண்டு வருபவை. நாலு சக்கர வண்டியில் பின் சக்கரங்களும் தோள் கொடுக்கின்றன. வேலை நான்காகப் பங்கு போடப்படுவதால் ஒவ்வொரு சக்கரமும் மண்ணை இழுக்கும் இழுப்பு குறைகிறது. ஆகவே வழுக்குவதும் குறைகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காக வைத்த பல் சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். நல்ல சாதனம்தான், ஆனால் சேற்றில் மாட்டினால் அதுவே எதிரியாகிவிடும். ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் உதவாத அற்ப சக்திதான் போய்ச் சேரும். செம்பனைக் காட்டில் ஒரு சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்ற, கார் அசையாமல் நிற்பதைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்?

கெம்பாராவில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவே ஒன்று என மூன்று டிஃபரன்ஷியல்கள். கையால் கியர் மாற்றும் வண்டிகளில் நடுவில் உள்ளதைப் பூட்டிவிட ஒரு பொத்தான் இருக்கும். பூட்டினால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். முன்பக்கம் வழுக்கினாலும் பின்பக்கம் தள்ளிவிடும். ஆனால் தார்ச்சடக்குக்கு வந்ததும் பூட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும், பல் சக்கரங்கள் தேயும். பொத்தானைப் போட்டால் வண்டிக்குப் "பவர்" கூடும் என்று நினைத்துப் போட்டபடியே கிள்ளானிலிருந்து பினாங்குக்கு ஓட்டும் புண்ணியவான்களை என்னவென்பது!

உலகத்தில் இது புதுமையல்ல. சுபாரு நிறுவனம் 1972-லேயே லியோன் என்ற சாதாரணக் காருக்கு இந்த வசதியைச் செய்து விற்றது. டொயோட்டா 1994-இல் கொண்டு வந்த ராவ் 4, ஜீப்பின் உயரத்தையும் காரின் சொகுசையும் கலந்தது. இந்தக் கலப்பு இனத்துக்குத்தான் இப்போது "கிராஸ்ஓவர்" என்று பெயர். லேண்ட் ரோவர் போல இரும்புச் சட்டத்தின்மேல் உடலைத் தூக்கி வைத்தது அல்ல. காரைப் போல ஒரே கூடாகச் செய்தது. அதனால் எடை குறைவு, குலுக்கலும் குறைவு.

வாங்குகிறவர்கள் பார்ப்பது என்ன?

இதைச் சொன்னால் விற்பனையாளர்களுக்குக் கோபம் வரலாம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நாலு சக்கர இழுவைக்காக வாங்குவதில்லை. உயரத்துக்காக வாங்குகிறார்கள்.

முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தாழ்ந்த காரிலிருந்து இறக்கிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். குழிக்குள்ளிருந்து தூக்குவது போல் இரண்டு பேர் வேண்டும். உயர்ந்த வண்டியில் நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து, நாற்காலியிலிருந்து எழுவது போல் எழலாம். புடவை கசங்காது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் முன்னால் நாலு வண்டிக்கு அப்பால் நடப்பது தெரியும். தாமான்களில் உள்ள வேகத்தடைகளில் அடி உரசாது. இருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வாங்க நிறுத்தவும், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சந்து பார்த்துத் திருப்பவும் உடல் சிறியது.

இதைக் கார் நிறுவனங்கள் நன்றாகவே கண்டுகொண்டன. கெம்பாராவுக்குப் பின் 2008-இல் வந்த நாட்டிக்காவுக்கும் நாலு சக்கர இழுவை இருந்தது. விலை கூடுதலாக இருந்ததால் நீண்ட நாள் நிற்கவில்லை. 2019-இல் வந்த அரூஸ் பார்வைக்கு ஜீப் போல் இருந்தாலும் இழுப்பது பின் சக்கரங்கள் மட்டுமே. 2021-இல் வந்த அத்திவாவும், புரோட்டோன் 2020-இல் வெளியிட்ட எக்ஸ் 50-உம் முன் சக்கர வண்டிகள். உயரம் இருக்கிறது, கம்பீரம் இருக்கிறது, பின்னால் தோள் கொடுக்கத்தான் ஆளில்லை! கடையில் கேட்காமல் வாங்கிவிட்டு மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்வதில் பயனில்லை. வாங்கும்போதே, "எத்தனை சக்கரம் இழுக்கும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சுபாரு எக்ஸ்வி போன்றவை எப்போதும் நாலு சக்கரத்தாலும் ஓடுபவை. அந்த வண்டி சில ஆண்டுகள் நம் செகாம்புட்டிலேயே பொருத்தப்பட்டது. வேறு சிலவற்றில் முன் சக்கரம் வழுக்கும்போது மட்டும் பின் சக்கரம் துணைக்கு வரும். தோட்டத்து மண் சடக்குக்கு அதுவும் பெரும்பாலும் போதுமானதே.

செய்யாதவை

நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்தில்தான். மழையில் நனைந்த சாலையில் இந்த வண்டி நிற்கும் தூரம் பக்கத்து வீட்டுக் காரின் தூரத்தைவிடக் குறையாது. அதிலும் கெம்பாரா போன்ற உயரமான, ஒடுக்கமான வண்டிகளை வளைவில் வேகமாகத் திருப்பினால் சாயும் அபாயம் தாழ்ந்த காரைவிடக் கூடுதல். கெந்திங் மலை இறக்கத்தில் நாலு சக்கரம் இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்குவது ஆபத்தான தைரியம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மேல்மாடி வரை தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. அதன்பிறகு "உயர்ந்த வண்டியாக வாங்குவோம், வெள்ளத்தில் தப்பலாம்" என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. சிறு கிராஸ்ஓவரின் அடிப்பகுதி தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் அளவுதான் உயர்ந்திருக்கும். 30 சென்டிமீட்டர் நீர், அதாவது ஒரு பள்ளிக்கூட அடிக்கோல் உயரத் தண்ணீர், சிறு காரை மிதக்கச் செய்துவிடும். 60 சென்டிமீட்டர் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். மிதக்கும் வண்டிக்கு எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன? வெள்ளம் வருகிறது என்றால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே மேட்டுக்குப் போய்விட வேண்டும். தேங்கிய நீருக்குள் இறங்கிப் பார்க்கக் கூடாது.

கணக்கு

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை ஆண்டுக் கணக்காக்கினால் 20,400 வெள்ளி. அத்திவா போன்ற ஒரு புதுக் கிராஸ்ஓவர் அறுபதாயிரம் வெள்ளிக்கு மேல். சாப்பாடு, பள்ளிச் செலவு எதுவும் இல்லாமல் மூன்றாண்டுச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் சரியாகப் போதாது! அதுவும் இரு சக்கர இழுவைக்கு. ஒன்பது ஆண்டுத் தவணை போட்டால் மாதத் தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் வருடம் நீள நீள வட்டியும் நீளும். பிள்ளை முதல் வகுப்பில் சேரும்போது வாங்கிய கார், அவன் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் முடிக்கும்போதுதான் முழுதாக நமக்குச் சொந்தமாகும்.

பராமரிப்பும் கூடுதல். நாலு சக்கர வண்டிக்குப் பின் டிஃபரன்ஷியல், சக்தியைப் பிரிக்கும் பெட்டி இரண்டிலும் எண்ணெய் மாற்ற வேண்டும். டயர் நாலும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலும் கன்சிலைப் போல் சிக்கனமாக இராது. ஒரு டன் எடையையும் பின்னால் சுழலும் தண்டையும் சேர்த்தல்லவா அந்தச் சிறு என்ஜின் இழுக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். தாமானில் குடியிருந்து, வேலைக்கும் கோயிலுக்கும் தார்ச்சடக்கிலேயே போய் வருகிறவருக்கு நாலு சக்கர இழுவை வேண்டியதில்லை; அம்மாவுக்காக உயரம் வேண்டுமானால் இரு சக்கர வண்டியே போதும். கேரித் தீவிலோ, காப்பார், ஜெராம் பக்கத்திலோ இன்னும் தோட்டத்துக்குள் குடியிருந்து, மழை பெய்தால் செம்மண் சடக்கில் இரண்டு மூன்று மைல் கடந்துதான் கிளினிக் போக முடியும் என்றிருப்பவருக்கு அது ஆடம்பரமல்ல.

அப்படிப்பட்டவர் பழைய கெம்பாராவைத் தேடினால் கவனமாகத் தேடட்டும். எல்லாம் வயதான வண்டிகள். தெரிந்த போர்மேனை உடன் அழைத்துப் போவது நல்லது. வண்டியைத் தூக்கி அடித்தகட்டில் துரு இருக்கிறதா, டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டயர்கள் நாலும் ஒரே அளவா என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி மெதுவாக வட்டமடித்தால் "டக் டக்" என்ற சத்தம் வரக் கூடாது. மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து முனகல் வந்தால் விலை பேசாமல் திரும்பி விடலாம். நடுப் பூட்டுப் பொத்தானை மண் தரையில் அழுத்தி, விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் அந்தப் பகுதியைப் பழுது பார்க்காமல் கம்பியைக் கழற்றிவிட்டே விற்கிறார்கள். உதிரிப் பொருள் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் போத்தோங் கடைகளில் கிடைக்கக்கூடும்; ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன்பே ஒரு கடையில் விலை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.