வெள்ளைத் தோலும் கேளாச் செவியும்

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை உண்டு. முயலைத் துரத்திக்கொண்டு வந்தன வேட்டை நாய்கள். அந்த மண்ணில் கால் பட்டதும் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டிற்றாம்! வீரம் விளையும் மண் இது என்று கண்டு கோட்டை கட்டினராம்! மண் முயலுக்கு வீரம் ஊட்டாது. அது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா தம்பி? முயலுக்குப் புகழ் கிடைத்தது. கோட்டைக்குப் பெயர் கிடைத்தது. ஓடி இளைத்த நாயைப் பற்றிப் பேசுவார் யாருமில்லை! உழைத்தவன் மறக்கப்படுவது மனிதர் கதையில் மட்டும்தானா?

அந்த நாயின் வழிவந்தவை இன்றும் நம்மிடையே உண்டு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை - மூன்றும் ஊர்ப் பெயர்கள். கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசல் காட்டில் கன்னி நாய். கறுப்பு உடல், பழுப்புக் கால், அம்பு போன்ற ஓட்டம். மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகத் தரும் வழக்கத்தால் வந்த பெயர் என்பர் பெரியவர்கள். பாளையக்காரர் வளர்த்த நாய்களைப் 'பாளையக்காரன் நாய்' என்றே வெள்ளைக்காரன் தன் ஏட்டில் குறித்து வைத்தான். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவனால், பாளையத்தின் பெயரை நாயிடமிருந்து பறிக்க முடியவில்லை!

இவற்றுள் உருவில் பெரியது இராசபாளையம். இரண்டு அடிக்கு மேல் உயரம், ஆழ்ந்த மார்பு, நீண்ட கால், பால் போன்ற வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் பழகியது. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் உயிருள்ளவரை விடாது; அயலார் கை நீட்டினால் அன்பு காட்டாது. 2005இல் இந்திய அஞ்சல் துறை இதற்குத் தலை வெளியிட்டது. 2020 ஆகத்து 30இல் பிரதமரே வானொலியில் நம் நாட்டு நாய்களின் பெயர்களை வரிசைப்படுத்தினார். பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால் பெருமைக்குப் பின்னே ஒரு கொடுமை நிற்கிறது.

இராசபாளையம் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஒரே ஈற்றில் பழுப்புக் குட்டி பிறக்கும்; புள்ளிக் குட்டி பிறக்கும். தாய் ஒன்று, தந்தை ஒன்று, பால் ஒன்று. ஆயினும் நிறம் பிடிக்கவில்லை என்று பிறந்தவுடன் கொன்றவர்கள் உண்டு. கறுத்துப் பிறந்ததா குற்றம்?

இயற்கை சும்மா இருந்ததா? இல்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்செவியிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லையெனில், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் நரம்பணுக்கள் பட்டுப்போகும், செவி அடைத்துப்போகும். வெள்ளையை வெள்ளையோடு சேர்த்து, அண்ணனைத் தங்கையோடு சேர்த்துப் பெருக்கியதன் விளைவு, இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வழக்கமான பேச்சாகிவிட்டது. சீமைக்கும் இந்த நோய் உண்டு. புள்ளி போட்ட டால்மேசன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை!

காவல் நாய்க்குக் கண்ணைவிடக் காது பெரிது. தூத்துக்குடி உப்பளத்திலும் துறைமுகக் கிடங்கிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் காவல் தொழிலாளியைக் கேட்டுப் பார். இருட்டில் நிறம் என்ன செய்யும்? அவன் கேட்காத காலடியை நாய் கேட்கவேண்டும், அதற்குத்தானே சோறு! செவியைக் கொடுத்து வெள்ளையை வாங்கியவன், சுவரை விற்றுச் சுண்ணாம்பு வாங்கியவன்.

ஆகவே குட்டி வாங்கப் போகும் தோழர்களே, நிறத்தைக் கேட்காதீர்; கேட்குமா என்று கேளுங்கள்! பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேளாத நாய் கைதட்டலுக்குத் திரும்பிவிடும். அதைக் கருவி கொண்டுதான் கண்டறியலாம். செவிட்டுக் குட்டியைக் கொல்ல வேண்டாம். கைச்சாடைக்குப் பழக்கினால் வீட்டுக்குள் நன்றாக வாழும். அதை இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடாதீர்.

வளர்ப்பதும் விளையாட்டல்ல. கூழும் மோரும் குடித்து வளர்ந்த இனம்தான். எனினும் வளரும் குட்டிக்கு முட்டையோ இறைச்சியோ வேண்டும். காலை மாலை ஓட இடம் வேண்டும். உச்சி வெயிலில் உப்பளத்து மண்ணில் ஓட்டாதீர், பாதம் வெந்துவிடும். நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிக் கட்டிய நாய்தான் தெருப்பிள்ளையைக் கடிக்கும். முயல் வேட்டைக்கு விடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்கு மாறானது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் தவணை தவறாதீர். யாரையேனும் கடித்துவிட்டால் மந்திரிப்பவரிடம் ஓடாதீர், மிளகாய்த்தூள் அப்பாதீர். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் முற்றியபின் உயிரைக் காக்க வழியில்லை.

முத்து நகரத்தானுக்கு இழப்பைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உலகம் தேடி வந்த முத்துக்குளிப்பு 1961க்குப் பின் இந்தக் கரையில் நடைபெறவே இல்லை. சிப்பி போனது, பெயர் மட்டும் மிஞ்சியது. நாட்டு நாய்க்கும் அந்தக் கதி வரவேண்டுமா? வெளிநாட்டு நாய்க்குக் குளிர்பதன அறை. நம் மண்ணின் நாய்க்குக் கல்லடி. இது ஒரு மடமை. நம் நாயையே வெள்ளைக்காக வளர்த்துச் செவிடாக்குவது அதனினும் பெரிய மடமை.

நாயின் தோலில் தொடங்கட்டும் திருத்தம். நிறம் பார்த்துக் குட்டியைக் கொல்லும் கை ஓயட்டும். பழுப்பாய்ப் பிறந்தது வாசலில் படுத்திருக்கட்டும்; காது கேட்கட்டும்; காவல் நிலைக்கட்டும்!