கணினியை மாற்றும் முன் பழைய தமிழ்க் கோப்புகளைப் பாருங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் நிக்காஹ் பதிவின் நகல் கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க வேண்டுமாம். நிக்காஹ் நடந்தது 2003இல். அந்த ஆண்டுப் பதிவேடு, 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது நனைந்தவற்றில் ஒன்று. பக்கங்கள் ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியாமல் கிடக்கிறது. "கவலைப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கோம்" என்றேன்.

புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும்தான் பக்கம் முழுக்க. "என்னண்ணே இது, இங்கிலீஷா?" என்றார் அந்தச் சகோதரி. எனக்கு வியர்த்துவிட்டது. இருபது வருடப் பதிவும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதைப் படிக்கும் வழி தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினோம். நம் மஹல்லாவில் கடை, மதரஸா, பள்ளி அலுவலகம் வைத்திருப்பவர்கள் பலரும் இப்போது கணினியை மாற்றுகிறார்கள். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் மாற்றினோம்? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதற்குப் பிந்தைய நீட்டிப்பும் குறுகிய காலத்துக்குத்தான். விண்டோஸ் 11 போடலாமென்றால், நமக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளை அது ஏற்காது. இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை காலம் நாம் பயன்படுத்திய ஆபிஸ் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதல்ல. ஸகாத் கணக்கைத் திருட்டு நகலில் எழுதிக்கொண்டிருந்தோம். லினக்ஸும் லிப்ரே ஆபிஸும் திறந்த மூல மென்பொருள்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இது புதிய சோதனையும் அல்ல. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே, சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறியது. 2011இல் பிள்ளைகளுக்கு வந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, நினைவிருக்கிறதா? செங்கோட்டை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான்.

இனி அந்த எழுத்துக் குழப்பத்துக்கு வருகிறேன். இப்போது நாம் கைபேசியில் அடிக்கும் தமிழ் யூனிகோடு. அதில் 'அ' என்ற எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண். முன்பு அப்படியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதைத் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு ஏற்பாடு வைத்திருந்ததால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாம், டாப் என்ற பொது முறைகளை அறிவித்தது. யூனிகோடை அரசு முறையாக ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய நம் கோப்புகளில் நான்கைந்து முறைகள் கலந்து கிடக்கின்றன.

நம் பாட்டிமார் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மொழி தமிழ், எழுத்து அரபு. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியும், அரபு எழுத்தும் தெரியும். ஆனாலும் கடிதத்தை வாசிக்க முடிவதில்லை. எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்ற வழக்கம் கைமாறவில்லை. அதே கதைதான் இங்கும்.

எனவே பழைய கணினியை அழிக்கும் முன், அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளை எல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. மேலப்பாளையத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கெஞ்சித்தான் வாங்கினோம். எழுத்துருவை லினக்ஸில் நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. முக்கியமான ஆவணங்களைப் பழைய கணினியிலேயே பி.டி.எஃப். ஆகவும் சேமித்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி.

லிப்ரே ஆபிஸில் 'டாக்குமெண்ட் கன்வெர்டர்' என்று ஒன்று உண்டு. ஒரு ஃபோல்டரில் உள்ள வேர்டு, எக்செல் கோப்புகளை மொத்தமாக ஓ.டி.எஃப். வடிவுக்கு மாற்றும். இதைச் செய்ததும் வேலை முடிந்தது என்று நம் தம்பிமார் நினைத்தார்கள். முடியவில்லை. பாத்திரம்தான் மாறியது, உள்ளே இருப்பது அதே பாமினி. தேடினால் பெயர் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி குப்பை. எழுத்தைத் தனியாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். விண்டோஸில் என்.எச்.எம். கன்வெர்டர் இலவசம். நிரல் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பும் உண்டு.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஸகாத் பெறுவோர், மருத்துவ உதவி பெற்றோர் பட்டியல்களை இணையத்தில் உள்ள மாற்றிகளில் ஒட்டாதீர்கள். யாருடைய சர்வருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. உதவி கேட்டு வந்தவர் பெயர் நம்மிடம் அமானிதம். கணினிக்குள்ளேயே மாற்றுங்கள்.

மாற்றிய பின் கண்ணால் பார்க்காமல் விடக்கூடாது. நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். நம் பதிவேட்டில் எண்ணுக்கு முன்னால் இருந்த ஆங்கில 'நோ.' எல்லாம் 'ழே' ஆகிவிட்டது. அதைவிடக் கவலை நம் பெயர்கள். பாமினியில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை அடைப்புக்குறி, சாய்கோடு போன்ற விசைகளில் இருக்கின்றன. மாற்றும்போது அதிகம் தவறியவை அவைதான். 'ஹ' போய் 'மீது' ஆன ஹமீதுகள் எத்தனை பேர்! பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சகோதரியின் வலீ பெயரிலும் இதே பிழை இருந்தது. பி.டி.எஃப். பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தி, மூன்றாம் நாள் நகலைக் கொடுத்தோம்.

எக்செல் கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன. கூட்டுத்தொகையை மட்டும் பழையதோடு சரிபாருங்கள். மேக்ரோ போட்டவை தகராறு செய்யும். ஆடிட்டருக்கு எக்செல் வடிவிலேயே சேமித்து அனுப்பலாம். அரபு வாசகங்களுக்கு லிப்ரே ஆபிஸ் அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வலமிருந்து இடமாக ஒழுங்காக வரும். தட்டச்சு ஹையர் முடித்த என்னைப் போன்றவர்களுக்கு லினக்ஸில் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் கிடைக்கிறது. தமிழ்99 படிக்கச் சொல்லித் தம்பிமார் வற்புறுத்துகிறார்கள், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்.

இன்னும் முடியாமல் நிற்பது பேஜ்மேக்கரில் செய்த நம் பழைய மடல்கள். லிப்ரே ஆபிஸின் 'டிரா' அவற்றை ஓரளவு திறக்கிறது. ஆனால் பத்திகள் கலைந்துவிடுகின்றன, படமாக ஒட்டிய அரபு வரிகள் சிலவற்றைக் காணவில்லை. 2001 முதல் 2006 வரையிலான இதழ்களின் அச்சுப் பிரதி உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் தயவுசெய்து அலுவலகத்தில் கொடுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு அதே வாரம் திருப்பித் தருகிறோம். பழைய கோப்புகளோடு தவிப்பவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பென்டிரைவோடு வரலாம். எங்களிடம் இப்போது பதினோரு எழுத்துருக்கள் இருக்கின்றன.